நம்மை நாமே அளப்போம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



மதிப்பெண் என்பது ஓர் எண். அந்த எண்ணுக்கு வாய் இருந்தால் எவ்வளவோ சொல்லும். ஆனால் அதற்கு வாய் இல்லை. ஆங்கிலத்தில் 48 வாங்கிய மாணவனுக்கு எது வரும், எது வராது என்று அந்த 48 சொல்வதில்லை. 71 வாங்கியவன் நாளைக்கு ஒரு தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வில் ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசுவானா என்று அந்த 71-ம் சொல்வதில்லை. ரிசல்ட் வந்த அன்று "பாஸா, அரியரா?" என்று கேட்டுக்கொள்கிறோம். பாஸ் என்றால் புத்தகத்தைக் கட்டிப் பரண் மேல் போடுகிறோம். அரியர் என்றால் அதே புத்தகத்தை அதே மாதிரி மறுபடியும் படிக்கிறோம். "எனக்கு வராதது எது?" என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்கவும், பதிலை நேர்மையாகக் கண்டுபிடிக்கவும் மாணவனைப் பழக்க வேண்டும் என்று ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் பல பல்கலைக்கழகங்களின் மொழித் துறைகள் முயன்று வருகின்றன. அதற்குக் 'கற்போர் சுயசார்பு' என்றும் 'சுயமதிப்பீடு' என்றும் பெயர். பெயர் பெரிசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் நாம் ஏற்கெனவே செய்து பழகிய வேலைதான் அது. எப்படி என்று எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன்.

ஃபிட்டிங் ஷாப்பும் ஆங்கில வகுப்பும்

எம்.எஸ். பிளேட்டை வைஸில் பிடித்து அரம் போடுகிறோம். கொஞ்சம் போட்டதும் என்ன செய்கிறோம்? பிளேட்டைக் கழற்றி, ட்ரை ஸ்கொயரை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறோம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் எந்த இடம் மேடு என்று புரிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் மறுபடி அரம். பிறகு வெர்னியரில் அளவு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜாப்பை இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுக்கிறோம். அப்படியே கொண்டுபோய் நீட்டினால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "அளந்து பார்த்தியா?" என்பதுதான்.

அதே நாம் ஆங்கில வகுப்பில் ஒரு கடிதம் எழுதினால், கடைசி வரியில் புள்ளி வைத்த கையோடு நோட்டை நீட்டிவிடுகிறோம். எழுதியதை ஒரு தடவை படித்துக்கூடப் பார்ப்பதில்லை. சரியா தப்பா என்று பார்ப்பது சாரோட வேலை என்று நினைக்கிறோம். இரும்பில் இருக்கிற பழக்கம் மொழியில் ஏன் இல்லை? ஷாப்பில் நம் கையில் ட்ரை ஸ்கொயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் நமக்கு யாரும் ஓர் அளவுகோலைக் கையில் கொடுக்கவில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் வெளிநாடுகளில் இந்த முயற்சி தொடங்கியது.

நான்சி நகரில் தொடங்கியது

பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கில் நான்சி என்று ஒரு நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1960-களின் இறுதியில் 'க்ராபெல்' என்ற மொழி ஆய்வு மையத்தை இவ் ஷாலோன் என்ற பேராசிரியர் தொடங்கினார். ஆளுக்கு ஒரு தேவை, ஆளுக்கு ஒரு நேரம் என்று இருப்பவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே பாடத்தை நடத்துவது சரிவராது அல்லவா? அதனால் ஒலிநாடாக்களையும் புத்தகங்களையும் ஓரிடத்தில் வைத்து, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துப் படிக்க மாணவனைப் பழக்கினார்கள். பக்கத்தில் ஆலோசனை சொல்ல ஓர் ஆசிரியர் இருப்பார். 1972-ல் ஷாலோன் காலமானார். அவருக்குப் பின் ஆன்ரி ஒலெக் என்பவர் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

ஒலெக் 1979-ல் ஐரோப்பிய அவைக்கு ஓர் அறிக்கை எழுதினார். மொழி கற்பதில் சுயசார்பு என்றால் என்ன என்று இன்றைக்கும் எல்லோரும் அந்த அறிக்கையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தன் படிப்புக்குத் தானே பொறுப்பேற்கும் திறமையே சுயசார்பு என்றார் அவர். அந்தப் பொறுப்பை ஐந்து வேலைகளாகப் பிரித்தும் காட்டினார்.

1. என்ன சாதிக்க வேண்டும் என்று இலக்கு வைப்பது.
2. அதற்கு எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்று முடிவு செய்வது.
3. எந்த முறையில் படிப்பது என்று தேர்ந்தெடுப்பது.
4. எப்போது, எங்கே, எவ்வளவு வேகத்தில் படிப்பு நடக்கிறது என்று கவனித்துக்கொள்வது.
5. படித்தது வந்ததா இல்லையா என்று மதிப்பிடுவது.

இந்த ஐந்தையும் நம்ம படிப்போடு வைத்துப் பாருங்கள். இலக்கு சிலபஸில் இருக்கிறது. பாடமும் வரிசையும் புத்தகத்தில் இருக்கின்றன. முறை சார் கையில். நேரம் டைம்டேபிளில். மதிப்பீடு தேர்வுத்தாள் திருத்துபவரிடம். ஐந்தில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை! அப்புறம் கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் ஆங்கிலம் நின்று போகிறது என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? நடத்திய ஐந்து பேரும் கல்லூரியிலேயே நின்றுவிட்டார்களே!

இந்தத் திறமை யாருக்கும் பிறவியிலேயே வருவது இல்லை, பழகித்தான் வர வேண்டும் என்பதையும் ஒலெக் சொல்லியிருக்கிறார். நமக்கு இது ஆறுதலான செய்தி.

அப்படியானால் ஆசிரியர் வேண்டாமா?

சுயசார்பு என்றதும் சிலர், "அப்ப சார் எதுக்கு? நாமளே படிச்சுக்கலாமே!" என்கிறார்கள். விஷயம் அப்படி இல்லை. இந்த முறையில் ஆசிரியருக்கு வேலை கூடுகிறது என்பதே உண்மை.

டென்மார்க்கில் லேனி டாம் என்ற பள்ளி ஆசிரியை 1970-களில் ஆங்கில வகுப்பை வேறு விதமாக நடத்திப் பார்த்தார். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு குறிப்பேடு. இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன், செய்தது எப்படி இருந்தது, வீட்டில் என்ன செய்யப் போகிறேன் என்று அவனே எழுத வேண்டும். ஆசிரியை அதைப் படித்து அதிலேயே பதில் எழுதுவார். நாம் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம், எப்படிச் செய்கிறோம், இதனால் என்ன பயன் என்ற கேள்விகள் அந்த வகுப்பில் ஓயாமல் ஒலிக்கும். பள்ளிப் பிள்ளைகளாலேயே முடிந்திருக்கிறது என்றால் நம்மால் முடியாதா?

பல்கலைக்கழக அளவில் நல்ல உதாரணம் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம். அங்கே பட்டப் படிப்பு படிக்கிற மாணவர்கள் அந்நிய மொழிப் பாடம் ஒன்றையும் முடிக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் மொழி மையம் 1994-ல் ஆங்கிலத்துக்கு ஒரு சுயசார்புப் பாடத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் எல்லோரும் கூடி, தான் எப்படிக் கற்கிறேன், தனக்கு ஆங்கிலம் எதற்குத் தேவை என்று யோசித்துப் பேசுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் திட்டத்தை ஓர் ஒப்பந்தம் போல எழுதிக் கொடுப்பார்கள். ஒத்த விருப்பமுள்ளவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து வேலை செய்வார்கள். ஆலோசகரான ஆசிரியரைத் தனித்தனியாகச் சந்தித்து, திட்டம் எப்படிப் போகிறது என்று பேசுவார்கள். செய்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். வழக்கமான இறுதித் தேர்வு கிடையாது.

கவனியுங்கள். ஆசிரியர் அங்கேயும் இருக்கிறார். இடம் மட்டும் மாறியிருக்கிறது. டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவன் ஸ்டியரிங்கை என்றைக்காவது தன் கையில் பிடித்துத்தானே ஆக வேண்டும்?

எதை வைத்து அளப்பது?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "உனக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டால் நம்மில் பாதிப் பேர் "சுமாரா தெரியும்" என்போம். இந்த 'சுமார்' எத்தனை மில்லிமீட்டர்? யாருக்கும் தெரியாது. கேள்வி பெரிதாக இருந்தால் பதில் கொழகொழவென்றுதான் வரும்.

மெட்ராலஜி பாடத்தில் கோ – நோ கோ கேஜ் பற்றிப் படிக்கிறோம். துளையின் அளவு என்ன என்று அந்த கேஜ் சொல்லாது. 'கோ' முனை உள்ளே போக வேண்டும், 'நோ கோ' முனை போகக் கூடாது. அவ்வளவுதான். பதில் ஆம் அல்லது இல்லை. மொழிக்கும் இப்படி கேஜ் செய்யலாம் என்று கண்டுபிடித்தார்கள். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஆஸ்கார்சன் 1978-லேயே ஐரோப்பிய அவைக்காக, வயது வந்தவர்கள் தங்கள் மொழித்திறனைத் தாங்களே மதிப்பிடுவது எப்படி என்று ஓர் அறிக்கை எழுதினார். 2001-ல் அதே அவை மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரித்து ஒரு பொது அளவுகோலை வெளியிட்டது. ஏ1 ஆரம்பப் படி. சி2 உச்சிப் படி.

இந்த அளவுகோலின் சிறப்பு, ஒவ்வொரு படியும் 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற வாக்கியங்களால் ஆனது என்பதுதான். குடும்பத்தையும் படிப்பையும் பற்றி எளிய வாக்கியங்களில் சொல்ல முடியுமா? பழக்கமான விஷயம் பற்றிய பேச்சில் முன்தயாரிப்பு இல்லாமல் கலந்துகொள்ள முடியுமா? என் கருத்துக்குக் காரணம் காட்ட முடியுமா? இப்படிப் போகும். இலக்கண விதி எத்தனை தெரியும் என்ற கணக்கு அதில் முன்னே வராது.

இதோடு சேர்த்து 'மொழிக் கோப்பு' என்று ஒன்றையும் கொண்டு வந்தார்கள். அதில் மூன்று பாகம். முதல் பாகம் பாஸ்போர்ட் மாதிரி, எந்த மொழியில் எந்தப் படியில் இருக்கிறேன் என்ற சுருக்கம். இரண்டாவது, நான் எப்படிக் கற்றேன், அடுத்த இலக்கு என்ன என்கிற சரித்திரம். மூன்றாவது, எழுதிய கடிதம், பேசிய ஒலிப்பதிவு போன்ற சான்றுகள். நம்ம ரெக்கார்ட் நோட்டு மாதிரிதான். ஆனால் பக்கத்து பெஞ்ச் நோட்டைப் பார்த்து எழுத முடியாத ரெக்கார்ட் நோட்டு!

அளவுகோலிலும் 'ஜீரோ எரர்' உண்டு

"மாணவனையே மார்க் போடச் சொன்னா நூத்துக்கு நூறு போட்டுக்க மாட்டானா?" இது நியாயமான கேள்வி. அந்த மார்க் சான்றிதழில் ஏறும் என்றால் நிச்சயம் போட்டுக்கொள்வான். அதனால்தான் பல இடங்களில் சுயமதிப்பீட்டைப் படிப்புக்கு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, சான்றிதழுக்கான தேர்வைத் தனியே வைக்கிறார்கள். தெர்மாமீட்டரைப் பொய் சொல்ல வைத்தால் காய்ச்சல்காரனுக்குத்தானே நஷ்டம்?

ஆனால் ஏமாற்றும் எண்ணம் கொஞ்சமும் இல்லாதவன்கூடத் தன்னைத் தப்பாக அளந்துவிடலாம். வெர்னியரின் இரண்டு தாடைகளையும் சேர்த்து வைத்தும் ஜீரோவும் ஜீரோவும் நேராக நிற்காவிட்டால் அது ஜீரோ எரர். மனிதனுக்கும் அது இருக்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில இலக்கணம், தர்க்கம், நகைச்சுவை உணர்வு ஆகியவற்றில் மாணவர்களுக்குச் சோதனை வைத்து, "நீ எந்த இடத்தில் இருப்பாய் என்று நினைக்கிறாய்?" என்றும் கேட்டார்கள். நூறு பேரைக் கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்தினால், கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் சராசரி இடம் 12. ஆனால் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த இடம் 62! இலக்கணம் தெரியாதவனுக்கு, தான் எழுதியதில் பிழை இருக்கிறது என்பதே தெரிவதில்லை என்பது அவர்கள் சொன்ன விளக்கம். மேலே இருந்தவர்களோ தங்கள் இடத்தைக் கொஞ்சம் குறைத்து நினைத்தார்கள். இந்த ஆய்வின் புள்ளிவிவரக் கணக்கைப் பற்றிப் பிறகு வாதங்கள் எழுந்ததும் உண்டு. ஆனாலும் மனசுக்குள் தோன்றுவதை மட்டும் நம்பி அளக்கக் கூடாது என்ற எச்சரிக்கை நமக்குத் தேவையானதே.

இன்னொரு ஆய்வு நமக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. 2008-ல் கார்பிக்கி, ரோடிகர் என்ற இருவர் வெளியிட்டது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி மொழிச் சொற்களை ஆங்கில அர்த்தத்தோடு கற்பித்தார்கள். ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லை ஒரு பிரிவினர் மறுபடி மறுபடி படிக்க மட்டும் செய்தார்கள், சோதித்துப் பார்க்கவில்லை. மற்றொரு பிரிவினர் மறுபடி படிக்கவில்லை. மூடி வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குச் சொற்கள்தான் நினைவில் இருந்தன. சொல்லிப் பார்த்தவர்களுக்கு 80 சதவீதம் நினைவில் நின்றது. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாப் பிரிவினரும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னார்கள். எந்த முறை தனக்கு வேலை செய்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆக, படித்த மாதிரி இருக்கும் உணர்வு வேறு, வந்துவிட்டது என்பது வேறு. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது எழுத்துகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தை நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். புத்தகத்தை மூடினால்தான் குட்டு வெளிப்படும்.

ஜீரோ எரருக்கு வைத்தியம் என்ன? வெர்னியரைத் தூக்கி எறிவதா? எரர் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதைக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டியதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 'டயலாங்' என்று 14 ஐரோப்பிய மொழிகளுக்கு ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அது முதலில் 'என்னால் முடியும்' வாக்கியங்களைக் கொடுத்து நம்மையே மதிப்பிடச் சொல்லும். பிறகு சோதனை வைக்கும். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எவ்வளவு வித்தியாசம், அதற்கு என்ன காரணம் இருக்கலாம் என்று விளக்கும். சான்றிதழ் எதுவும் தராது. தன்னைத் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே ஒரு தேர்வு!

வீட்டில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள்

இதெல்லாம் ஐரோப்பாக்காரன் சௌகரியம், நமக்கு எதுக்கு என்று சிலர் நினைக்கலாம். யாரைவிடவும் நமக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். நம்மில் பலர் அப்படித்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள். படித்த குடும்பத்துப் பிள்ளை ஒரு லெட்டர் எழுதினால் அவங்க அக்காவோ அப்பாவோ ஒரு பார்வை பார்த்து, "இந்த இடத்தில் தப்பு" என்று சொல்லிவிடுவார்கள். நம் வீட்டில் நாம் எழுதிய ஆங்கிலத்தை அம்மா ஆசையோடு தடவித்தான் பார்ப்பார்கள். சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லை. டியூஷன் வைக்கக் காசும் இல்லை. அறுபது பேர் உள்ள வகுப்பில் சாரும் ஒரே ஆள்தான், எத்தனை நோட்டைத் திருத்துவார்? அப்படியானால் நம்மை அளக்க மிஞ்சியிருப்பது யார்? நாம்தான்.

என் அப்பா கொத்தனார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் சுயமதிப்பீடு என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரிய வைத்தவர் அவரே. லீவு நாளில் அவரோடு வேலைக்குப் போயிருக்கிறேன். மூன்று வரி செங்கல் ஏறியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பார். "முழுசா கட்டி முடிச்சுட்டுப் பார்த்தா என்னப்பா?" என்று கேட்டேன். "முடிச்சுட்டுப் பார்த்தா இடிக்கத்தான் முடியும் தம்பி. இப்பப் பார்த்தா தட்டிச் சரி பண்ணிடலாம்" என்றார்.

செமஸ்டர் தேர்வு என்பது கட்டி முடித்த சுவரைப் பார்ப்பது. சுயமதிப்பீடு என்பது மூன்று வரிக்கு ஒருதரம் தூக்குக்குண்டை விடுவது. இரண்டும் வேண்டும். நம்மிடம் இருப்பது முதலாவது மட்டும்.

நம்மில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது" என்று சொல்லிவிட்டுப் பின்பெஞ்சில் ஒதுங்குகிறவர்கள். இதுவும் ஜீரோ எரர்தான், மறுபக்கம் உள்ள எரர். அப்படிச் சொல்கிற நண்பன் ஒருவன் டிராயிங் ஷீட்டில் உள்ள ஆங்கிலக் குறிப்புகளைப் பார்த்துத் தடையில்லாமல் ஜாப் செய்கிறான். அவன் படிப்பது ஆங்கிலம் இல்லாமல் வேறு என்ன? அவனுக்கு எது வரும் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை.

நாம் செய்யக்கூடியவை

செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று: பத்து கேஜ் எழுதுங்கள். டிப்ளமோ முடிப்பதற்குள் ஆங்கிலத்தில் என்னால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று தமிழிலேயே பத்து வாக்கியம். உதாரணமாக: லேத் மிஷினின் பாகங்களை விருந்தினர் ஒருவருக்கு இரண்டு நிமிடம் விளக்க முடியும். லீவ் லெட்டரைப் பார்க்காமல் எழுத முடியும். மிஷின் மேனுவலில் ஒரு பக்கம் படித்து, எந்த ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியும். போனில் ஒருவர் சொல்லும் முகவரியைக் கேட்டு எழுத முடியும். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டால் மனப்பாடம் இல்லாமல் பேச முடியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை, தேதி. 'சுமார்' என்று எழுதக் கூடாது!

இரண்டு: சான்று இல்லாமல் 'ஆம்' போடாதீர்கள். மாதத்தின் முதல் நாள் செல்போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அழிக்க வேண்டாம். மூன்றாம் மாதம் முதல் பதிவைப் போட்டுக் கேளுங்கள். முன்னேற்றம் இருந்தால் காதே சொல்லும். இல்லாவிட்டாலும் காதே சொல்லும்.

மூன்று: பிழைக் கணக்கு நோட்டு. சார் திருத்திக் கொடுத்த பிழைகளை வகை பிரித்து எண்ணுங்கள். நமக்கு வரும் பிழைகளில் பல நம் தாய்மொழியின் அமைப்பிலிருந்து வருகின்றன. தமிழில் 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிக்கிள் கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் அதை விட்டுவிடுகிறோம். 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டிலிருந்து' என்று நாம் வேற்றுமையை வார்த்தையின் முடிவில் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குத் தனி வார்த்தை முன்னால் நிற்கும். நாம் வினைச்சொல்லைக் கடைசியில் வைப்போம், அவர்கள் நடுவில் வைப்பார்கள். ஒரு மாதம் கணக்கு வைத்தால் உங்கள் பிழைகளில் பெரும்பகுதி இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடும். மேடு எங்கே என்று தெரிந்தால் அங்கே மட்டும் அரம் போட்டால் போதும்.

நான்கு: சொல் அட்டைப் பெட்டி. ஜெர்மன் மொழி எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டை அட்டையாக வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் அர்த்தம் எழுதுங்கள். செருப்புப் பெட்டியில் ஐந்து தடுப்பு. எல்லா அட்டையும் முதல் தடுப்பில் தொடங்கும். பார்க்காமல் சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்குப் போகும். தப்பினால், எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பாருங்கள். பின்னால் போகப் போக இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்வாஹிலிச் சொற்களைச் சொல்லிப் பார்த்த மாணவர்களின் ரகசியமும், நம்மை நாமே சோதிக்கும் வேலையும் இதில் ஒன்றாக நடந்துவிடும்.

ஐந்து: நம் ஜீரோ எரரைக் கண்டுபிடிப்பது. நோட்டை சாரிடம் கொடுப்பதற்கு முன் ஓரத்தில் பென்சிலால் நம் மார்க்கைப் போட்டுவிட வேண்டும். அவர் போட்ட மார்க்கை அதன் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தைக் குறித்து வரவேண்டும். முதலில் வித்தியாசம் பெரிதாக இருக்கலாம். அது சுருங்கச் சுருங்க நம் அளவுகோல் நிமிர்கிறது என்று அர்த்தம். உச்சரிப்பு போன்றவற்றில் தனியாக அளக்க முடியாது. அதற்கு ஒரு ஜோடி நண்பனும், நடுநடுவே ஆசிரியரின் காதும் கட்டாயம் வேண்டும்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

தனி மாணவன் செய்வது பாதி. மீதிக்குக் கல்லூரியின் கை வேண்டும். எனவே பேரவை வழியாக நம் ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கலாம். முதலாண்டு மாணவர்கள் சேர்ந்ததும் ஆங்கிலத்துக்கான 'என்னால் முடியும்' பட்டியல் ஒன்றைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். உள்தேர்வுத் தாளைத் திருப்பித் தரும்போது, பிழைகளைப் பார்த்து வகை பிரித்துக்கொள்ளப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், மார்க் இல்லாத, பயம் இல்லாத, தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்காத ஒரு பேச்சு வகுப்பு நடத்துங்கள். மூன்றுக்கும் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

நண்பர்களே! இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நாம் ஷாப் ஃப்ளோரில் நிற்போம். அங்கே புது மிஷின் வரும், புது மேனுவல் வரும், புது மேலாளர் வருவார். அங்கே சிலபஸும் வராது, கைடும் வராது. எனக்கு எது தெரியாது என்று கண்டுபிடிக்கவும், அதைத் தானே கற்றுக்கொள்ளவும் தெரிந்தவன் அங்கே நிமிர்ந்து நிற்பான். அந்தப் பழக்கத்தை இங்கே, இந்த வயதில், மொழிப் பாடத்தில் ஆரம்பிப்போம்.

பிறர் நம்மை அளக்கும் நாள் வரத்தான் போகிறது. அதற்கு முன் நம்மை நாமே அளந்து வைப்போம்!